நம்ம வரி

எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மனைவியை நாங்கள் மதினி என்றுதான் கூப்பிட வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒருத்தி முதலாளியம்மா என்று சொல்லிவிட்டாள். மதினியின் முகம் வாடிப்போனது. “அவரை அண்ணாச்சின்னு சொல்லுதிய. அண்ணாச்சி பொண்டாட்டி ஒங்களுக்கு மதினியா, வேற யாருமா? முதலாளியம்மாவாம்லா! நான் என்ன கப்பல்லயா வந்து எறங்குனேன்?” என்று அவளுடைய மோவாயைப் பிடித்து ஆட்டினார். அந்தப் பெண் அன்று சாயங்காலம் வரை மோவாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த வாரக் கூலி அவளுக்குக் குறைந்திருந்தது. அதைக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

கோவில்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்பார்கள். எங்களுடையது டவுனுக்கு வெளியே, எங்கள் ஊர்க் கடைசியில், கரிசல் காட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோடு கோடாகப் பள்ளம் போட்ட மரக்கட்டையில் குச்சிகளை அடுக்குவோம். அடுக்கிய கட்டை மருந்தில் முக்கப் போய்விடும். ஒரு கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சனிக்கிழமை பட்டுவாடா.

என் வீட்டுக்காரர் கயத்தாறு ரோட்டில் லாரி அடித்து இறந்த பிறகு நான் அங்கே வேலைக்குப் போனேன். எனக்கு ஒரே மகள், செல்வி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவளை அதற்கு மேலே படிக்க வைத்துவிட வேண்டும், அவள் கை கட்டையைத் தொடக்கூடாது. எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மதினியிடம் மட்டும் ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் ஆளைத் தொட்டுக்கொண்டுதான் பேசுவார். அந்தக் கை பட்டால் உள்ளே கிடப்பது தானாக வெளியே வந்துவிடும்.

குட்டையான உருவம். நுனியில் முடிச்சுப் போட்ட ஈரக்கூந்தலும் சந்தன சோப்பு வாசமுமாக உள்ளே வருவார். கந்தக நெடிக்குள் உட்கார்ந்திருக்கிற நாங்கள் அந்த வாசத்துக்காகவே நிமிர்ந்து பார்ப்போம். யாருக்காவது காய்ச்சல் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார். “உள்காய்ச்சல்தான் ஒண்ணுமில்லட்டி, கை வேலையா இருந்தா பறந்துரும்” என்பார். இழவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். கட்டிப்பிடித்து அழுவார். உண்மையாகவே அழுவார், கண் சிவந்துவிடும். அவர் கொண்டுவந்து போட்ட மாலைக்கான காசை அடுத்த சனிக்கிழமை எங்கள் கூலியில் கணக்குப்பிள்ளை பிடித்துக்கொள்வார்.

அவர் பேச்சில் இரண்டு சொல் உண்டு. நம்ம என்பது ஒன்று, எங்க என்பது ஒன்று. கொட்டகையில் கூரை ஒழுகினால் நம்ம கூரை. மழையில் குச்சி நமுத்துப்போனால் நம்ம சரக்கு, நம்ம நஷ்டம். மருந்து முக்குகிறவர் கை வெந்துபோனபோது, “நம்ம கவனக்கொறவுதான், யாரச் சொல்ல” என்றார். வாசலில் நிற்கும் கார் எங்க காரு. தோட்டத்துக் கிணறு எங்க கெணறு. கோடையில் குடத்தோடு போய் நின்றால், “எங்க கெணத்துல தூரு வாரணும்ட்டி, இப்ப எறைக்கக் கூடாது” என்பார். எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் அவர் ஒருநாளும் தப்பினதில்லை. மற்றவர்கள் இதைக் கவனித்தார்களா தெரியாது. வாய் பேசாதவளுக்குக் காதுதானே வேலை.

பெட்டி ஒட்டுகிற பசையை மைதா மாவில் காய்ச்சுவார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற சிறுசுகள் விரலில் வழித்து நக்கிவிடும். மதினி ஒரு நாள் பார்த்துவிட்டார். திட்டவில்லை. மறுநாள் அவரே அடுப்புப் பக்கத்தில் நின்று பசையில் மயில்துத்தம் கலந்தார். பசை நீலமாகிவிட்டது. “நம்ம பிள்ளைக தெரியாம தின்னுட்டு வயித்து வலியில கெடந்தா யாரு பாக்குதது? இனி வாயில வச்சா தொண்ட எரியும். ஒரு பிள்ள தொடாது பாத்துக்கோ” என்று நிம்மதியாகக் கையைக் கழுவினார். ஒரு பிள்ளை தெரியாமல் நக்கிவிட்டு வாந்தி எடுத்தது. அதன் முதுகைத் தடவிக்கொடுத்தவரும் அவர்தான்.

வருமானவரிக்காரர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முன்வாசலில் ஜீப் நிற்கும்போதே மதினி பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குள் ஓடி வந்தார். முந்தானை நிறைய நகை. ஒவ்வொருத்தி மடியிலும் ஒன்றாகத் திணித்தார். “நம்ம நகைட்டி, பத்திரம். மத்தியானக் கஞ்சிக்குப் போற மாதிரி வீட்டுக்குப் போயிருங்க.” என் மடியில் ஒரு காசுமாலை விழுந்தது. அரிசிப் பானைக்குள் அதைப் புதைத்துவிட்டு, பானையைக் கட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் கட்டை அடுக்குகிற பேச்சி, வாய்த்துடுக்குக்காரி, அவளுக்குக் கிடைத்த வளையலைப் போட்டுக்கொண்டே தூங்கினாளாம். “ஒரு ராத்திரி முதலாளியா இருந்துட்டேன்ட்டி” என்றாள்.

மறுநாள் எல்லோரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். மதினி நடுவில் சின்னத் தராசை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்து வாங்கினார். ஒரு குன்றிமணி குறையவில்லை. “எங்க நகைல்லா, எடை மனப்பாடம்” என்று சிரித்தார்.

பல வருஷமாகக் காட்டாத வருமானத்துக்கு வரியும் அபராதமும் சேர்த்துக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டாவிட்டால் ஆபீஸ் ஏலத்துக்குப் போகும். அண்ணாச்சி நல்ல மனுஷன், பயந்தவர். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மொத்தமாகக் கட்ட முடியாது, மாதத் தவணை கொடுங்கள் என்று கேட்க மதினிதான் மதுரைக்குப் புறப்பட்டார். முந்தின நாள் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

“ஏட்டி, ஒங்கிட்ட ஒரு சாம்பக் கலரு சேல இருக்குல்லா? முழங்கால்ல ஒட்டுப் போட்டது. அதத் தா.”

“அது கிழிசல் மதினி.”

“கிழிசல்தான வேணும். பட்டக் கட்டிட்டுப் போயி, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத் தாரேன்னா எவன் நம்புவான்?”

பேச்சியின் கண்ணாடி வளையல்களையும் கழற்றி வாங்கிக்கொண்டார். அவள், “வெறுங்கையோட வீட்டுக்குப் போனா மாமியா என்னைய உரிச்சிருவா மதினி” என்றாள். “ஒரு நாள்தான, நம்ம வளையல்தான” என்று அவள் கன்னத்தைத் தட்டினார்.

தவணை கிடைத்துவிட்டது. சேலையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், “ராசியான சேலட்டி” என்று என் தலையில் கைவைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா இத எப்படிட்டி கட்டிட்டு வெளிய போற? ஆபீசர்லாம் ஏற எறங்கப் பாத்தாவ. எனக்குக் கூச்சமாப் போயிட்டு” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தச் சேலையைக் கட்டவில்லை. இருந்த இரண்டில் ஒன்று குறைந்தது.

அந்தச் சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு முன்னால் எங்களை ஒன்றாக உட்காரவைத்தார். தானும் தரையில் எங்களோடு உட்கார்ந்தார். நாற்காலி காலியாகக் கிடந்தது.

“நமக்கு வரி வந்திருக்கு” என்று ஆரம்பித்தார். “அவிய காலுல விழாத கொறையா மாசத் தவணை கேட்டு வந்திருக்கேன். ஒரு மாசம் தவறினாலும் வந்து கதவப் பூட்டி அரக்கு வச்சிருவாவ. அப்புறம் நம்ம பொழப்பு என்ன? ஒங்க பிள்ள குட்டி என்ன? நாம சேந்து கட்டிருவோம்லட்டி?”

“கட்டிருவோம் மதினி” என்று நாங்கள் சொன்னோம். கோவிலில் குரல் கொடுப்பதுபோல ஒரே குரலாக வந்தது. நானும் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை அடுக்குகிற கட்டைக்குக் கூலி கிடையாது. அதற்கு வரிக்கட்டை என்று பெயர் வந்துவிட்டது. “இது வரிக்கட்டைட்டி, ஒழுங்கா அடுக்கு. ஒரு குச்சி வெளிய நீட்டக்கூடாது” என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்வோம். மற்ற நாள் கட்டையைவிட வரிக்கட்டை நேர்த்தியாக இருக்கும். சர்க்காருக்குப் போவதில்லையா.

மாதக் கடைசியில் மதினி காரில் டவுனுக்குப் போய் பாங்கில் கட்டிவிட்டு வருவார். வட்ட முத்திரை குத்திய சலானைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வருவார். ஒவ்வொருத்தியும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கை மருந்தாக இருந்தால் முந்தானையில் துடைத்துவிட்டுத் தொடுவோம். “இந்த மாசம் தாண்டியாச்சு” என்பார். ஆளுக்கொரு துண்டு கடலைமிட்டாய் உடைத்துக் கொடுப்பார்.

எங்களுக்கும் ஒரு மப்பு வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். ஊர்க் குழாயடியில், சொந்த நிலத்தில் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வீட்டுக்காரி பேச்சியின் குடத்தைத் தள்ளிவிட்டாள். பேச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “யாரு கொடத்தத் தள்ளுதன்னு தெரியுமாட்டி? நான் இன்கம்டாக்ஸ் கட்டுதவ! நீ ஒங்க நெலத்துத் தீர்வய ஒழுங்காக் கட்டுதியா மொதல்ல?” என்று கேட்டாள். அந்த ஊரில் வேறு யாரும் இன்கம்டாக்ஸ் கட்டவில்லை. எங்களுக்கு முன்னால் குடம் வைக்க அப்புறம் ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை.

அந்த மப்பில்தான் பேச்சி அடுத்த தவணை நாளில் வாயை விட்டாள். மதினி சலானோடு காரிலிருந்து இறங்கினார். பேச்சி சலானைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “மதினி, நம்ம வரி கட்டப் போயிட்டு வார காருதான இது? ஒரு நாளைக்கு எங்களையும் ஏத்திக்கிட்டுக் கழுகுமலைக்குப் போயிட்டு வந்தா என்ன?” என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மதினிதான். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பேச்சியின் காதைத் திருகி, “இவ வாய்க்கே ஒரு வரி போடணும்” என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து பேச்சி அடுக்குகிற கட்டைகள் கழிவாகிக்கொண்டே போயின. மதினியே வந்து பார்ப்பார். குச்சி ஒரு நூல் ஏறி இருக்கிறது, இறங்கி இருக்கிறது என்று கட்டையை அப்படியே தரையில் கவிழ்ப்பார். கவிழ்த்த கட்டைக்குக் கூலி இல்லை. திரும்ப அடுக்க வேண்டும். “ஒன்னயக் கோவிக்கலட்டி. நம்ம சரக்குக்குன்னு ஒரு பேரு இருக்குல்லா” என்று சொல்லிக்கொண்டே, சிதறிக் கிடக்கிற குச்சிகளைத் தானும் குனிந்து பொறுக்கிக் கொடுப்பார். அதுதான் பேச்சிக்குத் தாங்கவில்லை. “திட்டுனா நாலு வார்த்த திருப்பித் திட்டலாம். குனிஞ்சு பொறுக்குதாளே, நான் என்னட்டி செய்ய?” என்று என்னிடம் அழுதாள். சித்திரை பிறக்கிற வரைக்கும் கவிழ்த்தார். பிறகு ஒரு நாள் தானாக நிறுத்திவிட்டார். பேச்சி மதினியிடம் அப்புறம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அண்ணாச்சிக்கும் அதே கதிதான். வரி முடிகிற வரைக்கும் வெற்றிலை பாக்குக்குக்கூட அவருக்குக் காசு கிடையாது. எங்கள் முன்னாலேயே, “நம்ம அண்ணாச்சி செஞ்ச வேலைக்கு நாம எல்லாரும் அனுபவிக்கோம். அவருக்குக் கணக்கு எழுதத் தெரியல, மறைக்கவும் தெரியல” என்பார். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே நிற்பார். மதினி டவுனுக்குப் போன நாட்களில் கொட்டகைப் பக்கம் மெதுவாக வருவார். “தாயி, ஒரு டீக்கு இருக்குமா? அவ கிட்ட சொல்லிராதீங்க” என்று முதலாளி எங்களிடம் கேட்டு வாங்கிக் குடிப்பார். நாங்கள் முந்தானை முடிச்சை அவிழ்ப்போம்.

செல்வி ஐந்தாம் வகுப்பு முடித்தாள். ஆறாவதுக்கு டவுனுக்குப் பஸ்சில் போக வேண்டும். பஸ் காசு, நோட்டு, யூனிபார்ம். வரி வருவதற்கு முன்னால் என்றால் இழுத்துப்பிடித்திருப்பேன். வரிக்கட்டை போன பிறகு கையில் மிஞ்சியது வாய்க்கும் வயிற்றுக்கும்தான். அப்போதுதான் ஆதரவற்ற விதவைகளுக்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்தப் பணம் வந்தால் செல்வியின் படிப்பு நடந்துவிடும். பேச்சிதான் டவுனுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மனு எழுதவைத்தாள். வந்துவிடும் என்ற நம்பிக்கையில், அவளிடமே கைமாற்று வாங்கிச் செல்வியை ஆறாவதில் சேர்த்தேன். நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக அவள் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். வயசு குறைந்த பையன், முகத்தில் கடுமை இல்லை. ஓலைக் கூரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். சொந்தக்காரர்கள் உண்டா, நிலம் உண்டா என்று கேட்டார். தலையைத்தான் ஆட்டினேன். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் பேச்சி கூடவே நின்றாள்.

“வருமானம் ஏதாவது உண்டாம்மா?” என்று கேட்டார்.

பேச்சி முன்னால் வந்துவிட்டாள். “சார், ஏதோ பிச்சைக்காரின்னு நெனச்சுத் தள்ளிராதீங்க. இவ கவர்மெண்டுக்கு ஒழுங்கா இன்கம்டாக்ஸ் கட்டுதவ. ஒரு மாசம் பாக்கி கெடையாது. நாங்க எல்லாருமே கட்டுதோம். கட்டுதவளுக்குக் கவர்மெண்டு திருப்பிச் செய்யணும்லா சார்?”

அவர் முதலில் சிரித்துவிட்டார். பேச்சியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். “இன்கம்டாக்ஸா? உங்ககிட்ட யாரும்மா பிடிக்கிறா?” என்று கேட்டார். பேச்சி பெருமையாகக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் சைக்கிளை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம்.

மதினி அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கலர் வாங்கிவரச் சொன்னார். அவர் குடிக்கவில்லை. நேராகக் கேட்டார்: “இந்த அம்மா கூலியில வருமானவரின்னு பிடிக்கிறீங்களாமே?”

கொட்டகையில் குச்சி அடுக்குகிற சத்தம் நின்றது.

மதினி என்னைப் பார்த்தார். எழுந்து வந்தார். என் தோளைச் சுற்றிக் கைபோட்டுத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். சந்தன சோப்பு வாசம். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை யாரும் அப்படி அணைத்ததில்லை.

“வரியா? இவளுகளுக்கு ஏது சார் வரி! பாவம், வெவரம் தெரியாம ஒளறுதாளுவ. குடும்பத்துல ஒரு கஷ்டம்னா வீட்டுப் பிள்ளைக குடுக்கதில்லையா? அந்த மாதிரி பிரியப்பட்டுக் குடுக்காளுவ. ஏட்டி, நீயே சொல்லு. நான் பிடிச்சேனா, நீ குடுத்தியா?”

“குடுத்தேன்” என்றேன். அது பொய்யும் இல்லை. கட்டிருவோம் மதினி என்று சொன்னவள்தானே நான்.

அவர் மனுவைப் புரட்டினார். “இவங்களுக்கு யாரும் ஆதரவு இல்லன்னு எழுதியிருக்கே?”

“யாரும் இல்லையா?” மதினியின் குரல் உடைந்தது. “எவன் சார் அப்படி எழுதுனது? நான் ஒருத்தி கல்லு மாதிரி உக்காந்திருக்கேனே! இவ நம்ம வீட்டுப் பிள்ள சார். இவளுக்கும் இவ மகளுக்கும் சாகுத மட்டும் நாங்க இருக்கோம். எழுதிக்கிடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்.” அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதில் ஒரு சொட்டு என் தோளில் விழுந்தது.

அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இவங்க உங்களுக்கு ஆதரவுதானா? உங்களப் பாத்துக்கிறாங்களா?”

பேச்சி தூரத்திலிருந்து தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். என் தோளில் அந்தக் கை இருந்தது. இத்தனை பேர் முன்னால் ஒருத்தர் என்னைத் தன் பிள்ளை என்று சொல்லிவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “ஆமா” என்று தலையசைத்தேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பேனாவை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போய்விட்டார். மதினியும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவர் சைக்கிள் மறைந்ததும் மதினி தோளிலிருந்து கையை எடுத்தார். “வேலையப் பாருங்கட்டி” என்றார். அன்றைக்கு மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது, “ஒனக்கென்னட்டி, முதலாளி வீட்டுப் பிள்ளையாயிட்ட” என்று நாலைந்து பேர் பொறாமையாகச் சொன்னார்கள். பேச்சி மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்து குடித்தாள்.

தாலுகா ஆபீசிலிருந்து வந்த கடிதத்தைத் தபால்காரர்தான் படித்துச் சொன்னார். மனுதாரர் ஆதரவு உள்ளவர், மனு தள்ளுபடி. அவர் கையிலிருந்து வாங்கி நானும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். ஆதரவு உள்ளவர் என்றுதான் இருந்தது.

மதினி சொன்ன சொல்லை நம்பி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அடுக்களைக் கதவுக்கு வெளியே நின்றேன். பேச வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். “மதினி, மனு தள்ளுபடியாயிட்டு. செல்விக்குப் பஸ் காசுக்கு, நோட்டுக்கு... நீங்க இருக்கேன்னு சொன்னிய.”

மதினி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “எங்க வீட்டுல என்ன நோட்டா அச்சடிக்கோம்? எங்க கஷ்டம் ஒனக்குத் தெரியாததா?”

நான் அங்கேயே நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் இளகியது. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் கன்னத்தைத் தொட்டார். மசாலா வாசம் அடித்தது.

“ஏட்டி, கூறுகெட்டவளே, இதுக்குப் போயி கண்ணக் கசக்குதியே. ஆறாவதாம், பஸ்சாம்! பொட்டப்பிள்ளைய டவுனுக்கு அனுப்பிட்டு நீ இங்கன வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பியா? நம்ம ஆபீசுல விட்டுரு. நம்ம பிள்ள நம்ம கண்ணு முன்னால இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்.”

பேச்சியின் கைமாற்றைத் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு மாதம் அதை இதைச் சொல்லித் தாக்காட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். யூனிபார்மைத் தவிர அவளுக்கு நல்ல துணி இல்லை, அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். மதினி அவளைத் தூக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய்ச் சின்னப் பிள்ளைகள் வரிசையில் உட்காரவைத்து, முதல் கட்டையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அவளுக்குக் கை வேகம். நாலு நாளில் பழகிவிட்டாள். சாயங்காலம் நகக்கண்ணில் குச்சி குத்திய இடங்களை என்னிடம் காட்டுவாள்.

சனிக்கிழமை பட்டுவாடாவில் அவள் பெயரையும் கூப்பிட்டார்கள். நான் என் வரிசையில் இருந்தேன். மதினி அவளைப் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து, காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்ததும் என் கையில் காசைக் கொடுத்தாள். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். அவள் என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“எம்மா, நானும் வரி கட்டிட்டேன். ஆனா எனக்கு அரை வரிதானாம். பஸ்ல அரை டிக்கெட் எடுக்கோம்லா, அந்த மாதிரியாம், மதினி சொன்னாவ.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “பெரியவளானதும் ஒன்ன மாதிரி முழுசாக் கட்டுவேன்” என்றாள்.